அண்டாவை அளந்த பிறகே அடுப்பு: பள்ளிச் சமையற்கூடத்தில் விறகு மிச்சப்படுத்த ஒரு கொத்தனாரின் வழிமுறை

பள்ளிச் சமையற்கூடத்துக்கு அடுப்பு கட்டக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை செங்கல் இறக்கி வைக்கட்டும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "அண்டா எங்கே?" சமைக்கும் பாத்திரத்தைப் பார்க்காமலே அளவு சொல்லும் கொத்தனாரை நம்பாதீர்கள். அண்டாவுக்கும் அடுப்பின் உட்சுவருக்கும் நடுவே சூடு ஏறிப்போகும் ஒரு சந்து இருக்கிறதே, விறகு மிச்சமாவதும் வீணாவதும் அங்கேதான் முடிவாகிறது. அது ஒரு விரல் அகலம் கூடினால் பாதிச் சூடு அண்டாவைத் தொடாமல் புகைபோக்கிக்குப் போய்விடும். குறைந்தால் புகை திரும்பி சமைப்பவர் முகத்துக்கு வரும்.

நான் போளூர்ப் பக்கத்துக் கொத்தனார். வீடு கட்டுவது பிழைப்பு. ஜவ்வாது மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் சுவர் பூசப் போன இடத்தில் ஆரம்பித்தது இந்த அடுப்பு வேலை. அங்கே விடுதிப் பொறுப்பாளருக்கு விறகுக் கணக்குதான் கவலை. சமையல் அக்காவோ, "விறகு என் காசில்லை மேஸ்திரி, கண் என்னுடையது" என்றார். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒரே அடுப்புதான். முழுதாக எரியும் விறகு புகை விடாது. புகை என்பது எரியாமல் தப்பித்துப் போகும் விறகு. இருந்தாலும் எனக்கு அக்கா சொன்ன காரணமே பெரிது. விறகு குறைந்து புகை குறையாத அடுப்பை அவர் ஒரு மாதத்தில் இடித்துவிட்டுப் பழையபடி மூன்று கல்லை வைத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எரிவாயு தவறாமல் வந்து சேரும் பள்ளிக்கு நான் எழுதுவது தேவைப்படாது. எப்படிக் கட்டினாலும் விறகடுப்பு எரிவாயு அளவுக்குச் சுத்தமாக எரியாது. அதை மறைத்து வேலை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் பாதை வெட்டுப்பட்டு சிலிண்டர் வண்டி ஏறாத நாட்கள் மலையில் உண்டு. அப்போதும் பிள்ளைகளுக்குப் பசிக்கும். இணைப்பு இருந்தும் மூலையில் விறகடுப்பை வைத்திருக்கும் பள்ளிகள் கீழே சமவெளியிலும் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இது.

எவ்வளவு விறகு போதும்?

ஒரு சின்னக் கணக்கு. நூறு பிள்ளைகளுக்கு, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆளுக்கு 100 கிராம் அரிசி என்ற சத்துணவுக் கணக்கில், 10 கிலோ அரிசி. சாம்பார் சாதம் போல ஒரே அண்டாவில் வேகவைக்கும் சோற்றுக்கு ஏறத்தாழ 25 லிட்டர் தண்ணீர் வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரத் தேவையான சூடு, நன்றாகக் காய்ந்த விறகில் அரைக் கிலோவுக்குள் அடங்கியிருக்கிறது. அரைக் கிலோதான்! மூன்று கல் அடுப்பில் அதற்கு நான்கைந்து கிலோ போகிறது. எரிகிற சூட்டில் பத்தில் ஒரு பங்கோ, மிஞ்சிப்போனால் ஒன்றரைப் பங்கோதான் பாத்திரத்துக்குள் இறங்குகிறது. மீதி காற்றோடும், அடுப்புக் கல்லோடும், சமைக்கிறவர் காலோடும் போகிறது. சரியாகக் கட்டிய அடுப்பில் பத்தில் மூன்று பங்காவது பாத்திரத்துக்குப் போகும். அப்போது ஒன்றே முக்கால் கிலோ போதும். அடுப்பு குளிர்ந்திருக்கும் காலை வேளையில் இன்னும் கொஞ்சம் கூடும்.

இன்னொரு கணக்கு தட்டுமூடி பற்றியது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி விரட்டுவதற்கு ஆகும் சூட்டில், பச்சைத் தண்ணீர் ஏழு லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். மூடாத அண்டாவில் தளதளவென்று கொதிக்கும் ஒவ்வொரு லிட்டரும் அப்படித்தான் போகிறது. நல்ல மூடிக்குச் செலவழிக்காமல் புது அடுப்புக்குச் செலவழிக்கும் பள்ளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அண்டாவுக்கு மூடி இல்லையென்றால் இன்றைக்கே தகர வேலை செய்பவரிடம் போங்கள். அடுப்பைப் பற்றி நாளைக்குப் பேசலாம்.

அளவெடுப்பது

கொத்தனார்களாகிய நாங்கள் அங்குலத்தில் பேசுகிறவர்கள். இந்த வேலைக்கு மட்டும் சென்டிமீட்டர். முக்கால் அங்குலம் என்று வாயால் சொன்னால் சுவர் எழும்பும்போது அது ஒரு அங்குலமாகிவிடும்.

அன்றாடம் அதிகம் சமைக்கும் பெரிய அண்டாவை எடுங்கள். வயிற்றுப் பக்கம் எங்கே அகலமோ அங்கே ஒரு நூலைச் சுற்றி, நூலின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய அலுமினிய அண்டா அடிபட்டு நெளிந்திருக்கும்; மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் சுற்றி, பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அடி தட்டையா, குழிந்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

50 லிட்டர் அண்டா பெரும்பாலும் 45 சென்டிமீட்டர் விட்டம், 32 உயரம் என்ற வாக்கில் இருக்கும். சுற்றளவு 141. இதற்கு நெருப்பு ஏறும் கூண்டை 16-க்கு 16 சென்டிமீட்டர் சதுரமாக வைப்பேன். கூண்டின் பரப்பு 256. இந்த வகை அடுப்புக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: விறகு வாயில் தொடங்கி புகை வெளியேறும் வரை, சூடான காற்று போகும் வழியின் பரப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். எங்காவது குறுகினால் புகை திணறும். எங்காவது அகன்றால் சூடு சோம்பிவிடும். ஆக, 256-ஐ அண்டாவின் சுற்றளவான 141-ஆல் வகுத்தால் 1.8. அண்டாவுக்கும் உட்சுவருக்கும் விட வேண்டிய சந்து 1.8 சென்டிமீட்டர். கூண்டின் மேல்விளிம்புக்கும் அண்டாவின் அடிக்கும் நடுவே? கூண்டின் சுற்றளவு நான்கு பதினாறு 64. 256-ஐ 64-ஆல் வகுத்தால் 4 சென்டிமீட்டர்.

30 லிட்டர் அண்டா, 36 விட்டம் என்றால் கூண்டு 14-க்கு 14. நூறு லிட்டர், 60 விட்டம் என்றால் 18-க்கு 18. இரண்டுக்கும் சந்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 1.7 வரும். அண்டா எதுவானாலும் விடை ஒன்றே முக்காலைச் சுற்றியே நிற்பது எனக்கு முதலில் ஆச்சரியமாகத்தான் இருந்தது. கூண்டின் அளவு பாத்திரத்தோடு சேர்ந்து வளர்வதால் அப்படி.

இந்தச் சட்டத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள அப்ரோவெச்சோ என்ற அடுப்பு ஆய்வு மையத்தோடு சேர்ந்து, லாரி வினியார்ஸ்கி என்பவர் 1980-களில் வகுத்த முறை. ராக்கெட் அடுப்பு என்று பெயர். உகாண்டா, மலாவி போன்ற நாடுகளின் பள்ளிகளில் இந்த முறையில் செய்த பெரிய அடுப்புகளில் பிள்ளைகளுக்குச் சமைக்கிறார்கள். நம் ஊரில் அதே காலத்தில் மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983-இல் தொடங்கி 2002 வரை நடந்தது. கிராமத்துக்குக் கிராமம் 'புகையில்லா அடுப்பு' போட்டார்கள். என் வயதுக்காரர்கள் வீட்டில் அதைப் பார்த்திருப்பார்கள். குழாய் அடைத்துக்கொண்டு, மேலே சாமான் அடுக்கி வைக்கும் மேடையாக மாறியதையும் பார்த்திருப்பார்கள். அடுப்புத் துளை ஒரு அளவு, வீட்டுப் பானை வேறு அளவு. குழாயைத் தட்டிச் சுத்தம் செய்ய யாருக்கும் சொல்லித்தரவில்லை. யோசனை நல்லதுதான், கட்டிய பிறகு யாரும் திரும்பி வரவில்லை.

பாத்திரம் மாறும் ஆபத்து பள்ளியில் இன்னும் அதிகம். நான் கட்டிய ஒரு கூடத்துக்கு, அடுப்பு முடிந்து சில மாதங்களில் பளபளவென்று புது எவர்சில்வர் அண்டாக்கள் மேலிடத்திலிருந்து வந்து இறங்கின. பழையதை விட ஏழு சென்டிமீட்டர் அகலம். அடுப்புக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்துகொண்டது. சந்து என்ற பேச்சே இல்லை, விறகு பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. அனுப்பியவர்களுக்கு அடுப்பு இருப்பதே தெரியாது. அதிலிருந்து நான் உட்சுவரை வெளிச்சுவரோடு பிணைப்பதில்லை. உட்சுவர் மண் சாந்தில் தனியாக நிற்கும். பாத்திரம் மாறினால் அதை மட்டும் உடைத்து, ஒரே நாளில் புது அளவுக்கு எழுப்பிவிடலாம்.

சாமான்கள்

சாதாரணச் செங்கல் வெளிச்சுவருக்கு மட்டும். உள்ளே கனமான கல் வைத்தால் அந்தக் கல் சூடேறவே முதல் அரை மணி நேர விறகு போய்விடும். கனம் சூட்டைத் தடுக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தடுப்பது கனமல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. எனவே கூண்டுக்கும் உட்சுவருக்கும் உமிக்கல் வேண்டும். காளவாய்க்காரரிடம் சொல்லி, களிமண்ணோடு சரிபாதி அளவுக்கு நெல் உமி பிசைந்து அறுத்துச் சுடச் சொல்லுங்கள். சூளையில் உமி எரிந்துபோய், கல் முழுக்கப் பொடித் துளைகளாகிவிடும். தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பாருங்கள்: போட்டவுடன் மிதந்து, நீர் ஊறிய பிறகு மெல்ல அமிழ்ந்தால் நல்ல கல். நேராக அடிக்குப் போனால் உமி போதவில்லை. காளவாய்க்காரர் முதல் தடவை முணுமுணுப்பார், பாதிக் கல் உடையும் என்பார். உடையும்தான். கூடுதலாகவே சொல்லி வையுங்கள்.

உமிச்சாம்பல் எங்கள் பக்கம் பஞ்சமில்லை; ஆரணி அரிசி ஆலைகளில் மலையாகக் கிடக்கிறது. உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே கொட்டி நிரப்ப அதைவிட நல்ல பொருள் இந்த விலைக்குக் கிடைக்காது. அள்ளும்போது மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பள்ளி நடக்கும் நேரத்தில் கொட்டவே கூடாது.

சாந்துக்குப் புற்றுமண், மணல், சாணம். நெருப்புப் படும் இடத்தில் சிமென்ட் வேண்டாம். முதல் வாரத்திலேயே பிளந்து உதிரும். வெளிப்பூச்சுக்குச் சிமென்ட் தாராளமாக. பிறகு, விறகு வைக்கத் தடித்த இரும்புக் கம்பியில் பற்றவைத்த ஒரு தட்டு. அண்டாவைத் தாங்க மூன்று இரும்புத் துண்டுகள். அண்டாவின் கழுத்தைச் சுற்றி சந்தை மூட, 3 மில்லிமீட்டர் தகட்டில் வெட்டிய ஒரு வளையம். ஆறு அங்குல நாகத்தகட்டுக் குழாய், கூரைக்கு மேல் இரண்டடி நீளும் அளவுக்கு. ஏழு அங்குலம் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாயை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செலவில் பெரும்பங்கு இந்த இரும்புக்கும் குழாய்க்கும்தான் போகும். மண்ணும் கல்லும் சாம்பலும் மிகச் சொற்பம்.

கட்டுவது

இடத்தைப் பொறுத்து முதலில் ஒரு கட்டளை. ஓலைக் கூரைக்கு அடியில் இந்த அடுப்பைக் கட்டாதீர்கள். ஓலைக்குள் குழாயை விடவே விடாதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் கிளம்பிய தீ ஓலைக் கூரையைப் பிடித்து 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. வகுப்பறையை ஒட்டியும் வேண்டாம். காற்று பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் விறகு வாய் நேராகப் பார்க்கக் கூடாது. சமைப்பவர் அடுப்பைச் சுற்றிவர மூன்று பக்கமும் இடம் விட்டு, வெளியே ஓட ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

தரையில் ஒரு மீட்டர் சதுரம் வரைந்துகொள்ளுங்கள். அதற்குள் உமிச்சாம்பலும் மண்ணும் கலந்து நான்கு விரல் உயரத்துக்குத் திணித்து, மேலே ஒரு வரிசைக் கல் பரப்பினால் அடுப்பின் தளம் ஆயிற்று. நடுமையத்தில் கூண்டு. 16-க்கு 16 உள்ளளவில் உமிக்கல்லை வைத்து, தளத்திலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு நேராக எழுப்புங்கள். முன்பக்கம் அடியில் அதே 16-க்கு 16 அளவில் விறகு வாய். அது வெளிச்சுவர் வரை ஒரு சுரங்கம் போல நீளும். விறகு இடிபடும் இடம் அது என்பதால் வாயின் அடிக்கல் மட்டும் கெட்டியான சாதாரணச் செங்கல். உமிக்கல் அங்கே இரண்டே வாரத்தில் தேய்ந்துவிடும்.

விறகுத் தட்டைத் தளத்திலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். விறகு தட்டின் மேலே, காற்று தட்டுக்குக் கீழே. சமையல் செய்பவரிடம் இதைச் செய்துகாட்டிப் புரியவைக்க வேண்டும். ஏனென்றால் அந்த 5 சென்டிமீட்டர் இடம் சும்மா கிடப்பது போலத் தெரியும். அதிலும் விறகைச் செருகத் தோன்றும். செருகினால் நெருப்புக்கு மூச்சு நின்றுவிடும்.

கூண்டின் மேல்விளிம்பிலிருந்து நாலாபுறமும், அண்டாவுக்கு அடியில் வரும் மேல்தளத்தை ஒரு தாம்பாளக் குழிவுபோல் மண்ணால் சரித்து எழுப்புங்கள்: நடுவில் அண்டாவின் அடிக்கும் மேல்தளத்துக்கும் 4 சென்டிமீட்டர், அண்டாவின் ஓரத்துக்கு வரும்போது 1.8. அடி குழிந்த அண்டாவானால் மேல்தளமும் அந்த வளைவைப் பின்பற்ற வேண்டும். மூன்று இரும்புத் துண்டுகளையும் ஓரத்தில் பதியுங்கள், நடுவில் அல்ல. நடுவில் தீயின் நாக்கு நேராகப் படும். எந்த இரும்பும் அங்கே அதிக நாள் நிற்காது. அண்டாவில் தண்ணீர் நிரப்பி வைத்து, ஆடவில்லை, சாயவில்லை என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே சுற்றுச்சுவரை, அதாவது உட்சுவரைத் தொடுங்கள்.

சுற்றுச்சுவரைச் சரியான சந்தோடு எழுப்ப நான் செய்வது இது. சாக்கையும் அட்டையையும் அண்டாவைச் சுற்றி இறுக்கிக் கட்டுவேன், கனம் 1.8 சென்டிமீட்டர் ஆகும்வரை. அண்டாவை அதன் இடத்தில் வைத்து, அதையே அச்சாகக் கொண்டு உமிக்கல்லை வட்டமாக அடுக்கி, உள்பக்கம் மண் பூசிவிடுவேன். சாந்து இறுகுவதற்கு முன் அண்டாவை மெல்ல ஒரு சுற்றுத் திருப்பி மேலே தூக்கினால், உள்ளே வழவழப்பான சுவரும் எல்லாப் பக்கமும் ஒரே அளவான சந்தும் கிடைக்கும். சாந்து முழுக்கக் காயவிட்டால் அண்டா மாட்டிக்கொள்ளும். பிறகு சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

சுவரின் மேல்முனையில், உள்பக்கமாக, 5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வளையக் கால்வாய் விடுங்கள். புகைபோக்கி அதில்தான் இணைய வேண்டும். கால்வாய் இல்லாமல் நேராகச் சந்திலேயே குழாயை வைத்தால், சூடு முழுவதும் குழாய் இருக்கும் பக்கமாகவே ஓடும். அண்டாவின் ஒரு பக்கம் தீய்ந்து மறுபக்கம் வேகாமல் கிடக்கும். கால்வாய் இருந்தாலும் கொஞ்சம் அப்படித்தான். அதனால் குழாய்ப் பக்கத்துச் சந்தை மட்டும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, இறுக்கமாக வைப்பேன். இது கை சொல்லும் வேலை. அண்டாவில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டு, எந்தப் பக்கம் முதலில் குமிழி வருகிறது என்று பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

வெளிச்சுவரை எழுப்பி, இரண்டுக்கும் நடுவே உமிச்சாம்பலைக் கொட்டித் தட்டித் தட்டி நிரப்புங்கள். மேலே இரும்பு வளையம். அதன் விளிம்பும் அண்டாவின் கழுத்தும் சேரும் இடத்தில் புகை கசியாமல் ஈர மண்ணைத் தடவி வைத்தால் போதும்.

குழாயின் அடிப்பகுதியில் ஒரு சின்னக் கதவு கட்டாயம். கரி விழுந்து சேரும் இடம் அது. மேல்முனையில் மழை புகாத தொப்பி. கூரைத் தகட்டைத் தொடும் இடத்தில் ஒரு பெரிய தகட்டுக் கழுத்து வைத்து இடைவெளி விடுங்கள். சூடான குழாய் கையில் படும் உயரம் வரை கம்பி வலை சுற்றிவிடுங்கள். பிள்ளைகள் தட்டேந்தி வரிசையில் வருகிற இடம்.

இவ்வளவும் சேர்ந்தால் அடுப்பின் உயரம் எண்பது சென்டிமீட்டரை ஒட்டி வரும். நம் சமையல் அக்காக்கள் பலருக்கு அது உயரம். குனிந்து சமைத்த முதுகுக்கு நல்லதுதான், ஆனால் அண்டாவுக்குள் எட்டிக் கிண்ட முடியாது. பக்கவாட்டில் ஒரு படி கட்டிக்கொடுங்கள். அதற்கு உயரம் எவ்வளவு என்பதை அவரை அங்கேயே நிற்கவைத்து, கையில் கரண்டியைக் கொடுத்துப் பார்த்துத் தீர்மானியுங்கள். கஞ்சி வடிக்கும் வழக்கம் உள்ள கூடத்தில் கொதிக்கும் அண்டாவைச் சாய்க்க வேண்டியிருக்கும். அங்கே அடுப்பைப் பாதி தரைக்குள் இறக்கி, விறகு போடும் பக்கம் ஒரு குழி எடுப்பேன். குழியில் மழைத் தண்ணீர் தேங்கும் என்பதால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. ஒரே அண்டாவில் வேகும் கலவைச் சோறு சமைக்கும் நாட்களில் அந்தச் சிக்கல் இல்லை.

நிழலில் இரண்டு வாரம் காயட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கட்டினால் இன்னும் கூட. அவசரப்பட்டுப் பெருநெருப்பு மூட்டினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் பிளந்துவிடும். கடைசி மூன்று நாட்கள் சுள்ளி போட்டுச் சிறு தீ.

எரிப்பது

விறகின் நுனி மட்டும் எரிய வேண்டும். எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். தடி தடியாகத் திணிக்கும் கைக்கு இது பழக ஒரு வாரமாகும். கட்டைகளைப் பெருவிரலை விடச் சற்றே பருமனாக, மூன்று நான்கு சென்டிமீட்டருக்குப் பிளந்துகொள்ளுங்கள். பிளக்கும் வேலையை யார் செய்வது என்பதை அடுப்பு கட்டுவதற்கு முன்பே பள்ளி முடிவு செய்யட்டும். அது சமையல் உதவியாளரின் தலையில் போய் விழுந்தால், அவருக்கு நாம் மிச்சப்படுத்திக் கொடுத்தது ஒன்றுமில்லை. கொதி வந்த பிறகு இரண்டு கட்டை போதும், மற்றதை வெளியே இழுத்து மணலில் அணையுங்கள். சோறு முக்கால் வெந்ததும் கட்டை முழுவதையும் எடுத்துவிட்டு, விறகு வாயை ஒரு தகரத்தால் மூடுங்கள். சுற்றிலும் சாம்பல் அடைத்த அடுப்பு என்பதால் மீதி வேக்காட்டை உள்ளே இருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். எடுத்த தணலைச் சட்டியில் போட்டுக் கதவடைத்த சாமான் அறையில் வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது ஆளைக் கொல்லும். அதன் வாயுவுக்கு மணமும் கிடையாது.

பச்சை விறகு எடையில் பாதி தண்ணீர். அதைக் காயவைக்கும் வேலையையும் அடுப்புக்கே கொடுத்தால், பிள்ளைகளின் சோற்றுக்கு முன்னால் விறகைத்தான் வேகவைத்துக்கொண்டிருப்பீர்கள். மாசி, பங்குனியில் வாங்கிப் பிளந்து, காற்று புகும்படி குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களை மூடினால் பூசணம் பிடிக்கும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். ணங்கென்று ஒலித்தால் காய்ந்தது, தொப்பென்றால் ஈரம். சவுக்கு முதல் தரம். சீமைக்கருவேலம் முள் தொல்லையைப் பொறுத்துக்கொண்டால் அதற்குச் சளைத்ததல்ல. தென்னை மட்டை பற்றவைக்க மட்டும். அரளிக் கட்டை, சாயம் பூசிய பழைய சன்னல், பிளைவுட் துண்டு எதுவும் உள்ளே போகக் கூடாது.

பருப்பை ஊறவைப்பதை அடுப்பு வேலையில் சேர்த்தே சொல்கிறேன். மலைமேல் தண்ணீர் 100 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே கொதித்துவிடும். ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். ஜவ்வாது மலை உயரத்தில் இரண்டு மூன்று டிகிரி. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரும் சேர்ந்துவிட்டால் துவரம்பருப்பு கல்லாகவே நிற்கும். காலையில் வந்ததும் ஊறப்போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்த்தால், விறகில் தெரியும் வித்தியாசம் என் கொத்து வேலையில் வரும் வித்தியாசத்துக்குக் குறைந்ததல்ல. கொண்டைக்கடலை நாளுக்கு முதல் நாள் மாலையே.

சரியாக வந்ததா?

வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், என்னுடையதையும். பழைய அடுப்பை இடிப்பதற்கு முன்பே ஒரு சோதனை செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரிசி நிறுக்கும் தராசில் 10 கிலோ காய்ந்த விறகை நிறுத்து, அண்டாவில் 25 லிட்டர் தண்ணீர் வைத்து, மூடி போட்டுக் கொதிக்கவிடுங்கள். கொதித்தவுடன் கட்டையை அணைத்து, மிச்சத்தை நிறுங்கள். புது அடுப்பிலும் அதே அண்டா, அதே விறகு, அதே மூடி. மூன்று கிலோவுக்குள் கொதித்துவிட்டால் அடுப்பு ஒழுங்காக இருக்கிறது. நான்கைத் தாண்டினால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், கூலியில் பாக்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

அடுப்பே தன் குறையைச் சொல்லிவிடும். விறகு வாய் வழியாகப் புகை வந்தால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது வாயைத் திணித்து மூடிவிட்டார்கள். அண்டாவின் கழுத்தருகே தீ எட்டிப்பார்த்தால் சந்து அகலம். உள்ளே மண் பூசிக் குறையுங்கள். தணல் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் தட்டுக்கு அடியில் சாம்பல் மண்டியிருக்கிறது. அண்டாவில் பிசுபிசுவென்று கருப்புத் தார் படிந்தால் விறகு ஈரம், வேறெதுவுமில்லை.

சாம்பலைத் தினமும் காலையில், பற்றவைப்பதற்கு முன் அள்ளிவிட வேண்டும். குழாயை மாதம் ஒருமுறை, அடுப்பு ஆறியிருக்கும் விடுமுறை நாளில், மேலிருந்து கீழாகத் தட்டி, அடியில் உள்ள கதவைத் திறந்து கரியை எடுங்கள். சந்துக்குள் சேரும் கரியை அண்டாவைத் தூக்கிவிட்டுத் துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும். பாத்திரம் தேய்க்கும்போது அண்டாவின் வெளிப்பக்கத்தையும் தேய்க்கச் சொல்வார்கள் பார்வைக்கு வருகிறவர்கள். மெல்லிய கருப்பு இருந்துவிட்டுப் போகட்டும், கெட்டியாகப் படிந்ததை மட்டும் எடுங்கள்.

கூண்டின் கல் ஒரு வருடத்தில் உதிர ஆரம்பிக்கும். முதலில் போவது வாய்க்கு நேரெதிரே தீ மோதும் பின்பக்கக் கல். காளவாயில் சொல்லும்போதே பத்து உமிக்கல் அதிகமாக வாங்கி, மழை படாத இடத்தில் அடுக்கி வைத்திருங்கள். கோடை விடுமுறையில் அண்டாவைத் தூக்கிவிட்டு, உதிர்ந்த கல்லை எடுத்து, புற்றுமண் சாந்தில் புதுக் கல்லைப் பதித்துவிடலாம். அதற்கு என்னைப் போல ஓர் ஆள் மலை ஏறி வர வேண்டியதில்லை, ஊரில் மண் வேலை தெரிந்த யாரும் அரை நாளில் செய்துவிடுவார்கள்.